இணைப்புச் சொல்லுக்கு மதிப்பெண் உண்டு, இணைப்புக்கு?

பெங்களூரு மல்லேஸ்வரத்தின் ஆறாவது கிராஸில் கர்நாடகப் பள்ளித் தேர்வு வாரியத்தின் அலுவலகம் இருக்கிறது. பீதர் முதல் சாமராஜநகர் வரை பத்தாம் வகுப்பும் இரண்டாம் பியூசியும் (பன்னிரண்டாம் வகுப்பு) எழுதும் பிள்ளைகளின் பொதுத்தேர்வு இந்த வாரியத்தின் பொறுப்பு. அந்தப் பிள்ளைகளில் தமிழ் பேசும் வீடுகளிலிருந்து வருபவர்களும் ஏராளம். மல்லேஸ்வரத்தை ஒட்டிய ஸ்ரீராமபுரத்தின் தெருக்களில் சிறிது நேரம் நடந்தாலே அது விளங்கும். பியூசி ஆங்கிலத் தாளில் பல ஆண்டுகளாக ஒரு கேள்வி இடம்பெற்று வந்திருக்கிறது. ஒரு சிறு பத்தி தருவார்கள். நடுநடுவே காலியிடங்கள் இருக்கும். அடைப்புக்குறிக்குள் 'பட்', 'ஸோ', 'அண்ட்', 'வென்' போன்ற சொற்கள் இருக்கும். பொருத்தமான 'லிங்கரை', அதாவது இணைப்புச் சொல்லை, எடுத்து நிரப்ப வேண்டும்.

மாணவர்களுக்குப் பிடித்தமான கேள்வி இது. தெரிந்ததை முதலில் நிரப்பிவிட்டு, மிச்சமிருப்பதைக் கடைசி இடத்தில் போட்டால் போதும். நான்கு இடத்துக்கு நான்கு சொல் என்றால், மூன்று தெரிந்தவருக்கு நான்காவது தானாகவே கிடைத்துவிடும். ஆனால் இதில் முழு மதிப்பெண் வாங்கும் அதே மாணவரிடம் பத்து வரியில் ஒரு கடிதம் எழுதச் சொன்னால், வாக்கியங்கள் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியாக நிற்கின்றன. இல்லையென்றால் எல்லாம் காற்புள்ளியால் கோக்கப்பட்டு ஒரே மூச்சில் ஓடுகின்றன. கல்லூரிக்குப் போனாலும், ஐடி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் இந்தக் குறை கூடவே போகிறது.

தமிழ்நாட்டிலும் நிலைமை இதுதான். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து ஒன்றாக்கச் சொல்கிறார்கள். சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று வாக்கியத்தை உருமாற்றச் சொல்கிறார்கள். இதற்கென்று டியூஷன் சென்டர்களில் ஓர் அட்டவணை உண்டு. முரண் வந்தால் சிம்பிளுக்கு 'இன்ஸ்பைட் ஆஃப்', காம்ப்ளெக்ஸுக்கு 'தோ', காம்பவுண்டுக்கு 'பட்'. காரணம் வந்தால் 'பிகாஸ் ஆஃப்', 'ஆஸ்', 'அண்ட் ஸோ'. தலைமுறை தலைமுறையாக வீடுகளில் இருக்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகமும் வாக்கியங்களைச் சேர்ப்பதற்கும் உருமாற்றுவதற்கும் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்கியிருக்கிறது. அட்டவணையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் மூன்றும் ஒன்றேதான், எதை வேண்டுமானாலும் போடலாம் என்ற எண்ணத்தை அது மாணவர் மனதில் விதைக்கிறது. எப்போது எதைப் போட வேண்டும், ஏன் போட வேண்டும் என்ற கேள்வி வகுப்பறையில் எழுவதே இல்லை.

இணைப்புச் சொற்களைச் சொற்பட்டியலாகக் கற்பிப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு எண்ணங்களுக்கு இடையே என்ன உறவு என்று கேட்கக் கற்பிக்க வேண்டும். ஆங்கிலப் பாடத்தில் உடனடியாகச் செய்ய வேண்டிய சீர்திருத்தம் இது. செலவில்லாத சீர்திருத்தமும்கூட.

பஞ்சவடி வீட்டுக்காரரின் முதல் வாக்கியம்

இணைப்புச் சொற்கள் உண்மையில் என்ன வேலை செய்கின்றன என்று பார்க்க மல்லேஸ்வரத்தைத் தாண்ட வேண்டியதில்லை. சி.வி.ராமனின் 'பஞ்சவடி' வீடு இங்கேதான் இருக்கிறது. 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக வந்த ராமன், 1970-இல் மறையும்வரை பெங்களூரையே தன் ஊராக்கிக்கொண்டார். அதற்கு முன் கல்கத்தாவில் இருந்தபோது, 1928 பிப்ரவரி 16 என்று தேதியிட்டு, அவரும் கே.எஸ்.கிருஷ்ணனும் லண்டனிலிருந்து வரும் 'நேச்சர்' இதழுக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பினார்கள். மார்ச் 31 இதழில் அது வெளியானது. 1930-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆய்வு உலகின் கண்ணில் பட்டது அந்தக் குறிப்பின் வழியாகத்தான்.

அதன் முதல் வாக்கியம் நீளமானது. 'இஃப்' என்று தொடங்குகிறது. எக்ஸ் கதிர்ச் சிதறலில் இயற்பியலாளர் காம்ப்டன் கண்ட இரண்டு வகைகளில் ஒன்று அணுக்களின் சராசரி நிலையைச் சார்ந்தது என்று வைத்துக்கொண்டால் என்கிறது முதல் பகுதி. நடுவே ஒரு 'ஒயில்' வந்து, மற்ற வகை அந்த நிலையிலிருந்து விலகும் ஏற்றத்தாழ்வுகளைச் சார்ந்தது என்று எதிரெதிராக நிறுத்துகிறது. இவை இரண்டிலிருந்தும் என்ன பெறப்படும் என்று அடுத்த பகுதி சொல்கிறது: சாதாரண ஒளியிலும் இரண்டு வகைச் சிதறல்கள் இருந்தாக வேண்டும். இரண்டாவது வாக்கியம் மிகக் குட்டை. அதில் 'அக்கார்டிங்லி' என்ற சொல் இருக்கிறது. ஆகவே இது உண்மைதானா என்று சோதிப்பது அவசியமாகிறது என்கிறார்கள். பிறகு சுமார் அறுபது திரவங்களைச் சோதித்த செய்தி வருகிறது. கண்டது சிதறல்தான், ஒளிர்வு அல்ல என்பதற்கு இரண்டு காரணங்களை வரிசைப்படுத்தும் இடத்தில், முதலாவது, இரண்டாவது என்று பொருள்படும் சொற்கள் நிற்கின்றன.

இந்தச் சொற்களை மட்டும் அடித்துவிட்டுப் படித்துப் பார்க்கலாம். தகவல்கள் அத்தனையும் அப்படியே இருக்கும். ஊகம் எது, அதிலிருந்து வருவது எது, சோதனை எதற்காக, சான்று எதற்கு என்பது மட்டும் காணாமல் போய்விடும். ராமனும் கிருஷ்ணனும் தமிழ் வீடுகளில் பிறந்து ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவர்கள். 'இஃப்' என்ற சொல்லை அவர்கள் போட்டது அழகுக்காக அல்ல. அந்த இடத்தில் அவர்களிடம் இருந்தது ஓர் ஊகம் என்பதால்தான்.

ஒரே செய்தி, பல உறவுகள்

ராமனின் அளவுக்குப் போக வேண்டாம். சம்பிகே ரோடு மெட்ரோ நிலையத்தில் மாலை நேரத்தில் நிற்கும் ஒருவர் எழுதக்கூடிய இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்ளலாம். 'தி மெட்ரோ வாஸ் ஃபுல்.' 'ஐ வாக்ட் ஹோம்.' ரயிலில் கூட்டம்; வீட்டுக்கு நடந்தேன்.

நடுவில் முற்றுப்புள்ளி வைத்தால் இரண்டும் தனிச் செய்திகள். இரண்டையும் முடிச்சுப் போடுவது வாசகர் பாடு. 'ஸோ' போட்டால் காரணம் வெளிப்படையாகிறது. பேச்சிலும் நண்பருக்கு எழுதும் கடிதத்திலும் இது இயல்பாக இருக்கும். 'தேர்ஃபோர்' போட்டாலும் காரணம் அதேதான். ஆனால் எழுதியவர் திடீரென்று கோட்டு மாட்டிக்கொண்டதுபோல் தெரிகிறது. 'அண்ட்' போட்டால் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது என்பதோடு நின்றுவிடுகிறது. 'பிகாஸ்' போட்டு வரிசையை மாற்றினால், நடந்து வந்ததுதான் முதன்மைச் செய்தி, கூட்டம் அதற்கான விளக்கம் என்றாகிவிடுகிறது.

செமிகோலன், அதாவது அரைப்புள்ளி, போட்டால்? இரண்டும் தொடர்புடையவை என்று எழுதியவருக்குத் தெரிகிறது. அந்தத் தொடர்பை வாசகரும் கண்டுகொள்வார் என்ற நம்பிக்கையில், சொல் எதுவும் போடாமல் விடுகிறார்.

வெறும் காற்புள்ளியை மட்டும் போட்டு இரண்டையும் ஒட்டினால் ஆங்கிலத்தில் அது பிழை. 'காமா ஸ்ப்ளைஸ்' என்று ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழிப்பது இதைத்தான். நம் ஊர் மாணவர்களின் ஆங்கிலத்தில் அடிக்கடி கண்ணில் படும் பிழைகளில் இதுவும் ஒன்று.

ஆங்கிலத்தில் செமிகோலனுக்குப் பெரிதாக மூன்று வேலைகள்தாம். தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை, நெருங்கிய தொடர்பிருந்தால், இணைக்கும். 'ஹவெவர்', 'தேர்ஃபோர்', 'நெவர்தலெஸ்', 'மோர்ஓவர்' போன்ற சொற்கள் இரண்டாவது வாக்கியத்தின் தலையில் வரும்போது அவற்றுக்கு முன்னால் நிற்கும். பின்னால் ஒரு காற்புள்ளி வரும். பட்டியலில் உள்ள ஒவ்வோர் உருப்படிக்குள்ளும் ஏற்கெனவே காற்புள்ளி இருந்தால் உருப்படிகளைப் பிரித்துக் காட்டும்: மல்லேஸ்வரம், பெங்களூரு; மயிலாப்பூர், சென்னை; ஸ்ரீரங்கம், திருச்சி. முதல் இரண்டு வேலைகளுக்கும் சோதனை எளிது. அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் முழு வாக்கியமாக நின்றால் செமிகோலன் வைக்கலாம். ஒரு பக்கம் தொங்கினால் கூடாது. 'ஆல்தோ இட் ரெயின்ட்' என்பதற்குப் பின்னால் செமிகோலன் வைக்கக்கூடாது என்பது இதிலிருந்தே புரிந்துவிடும்.

பெங்களூரில் லட்சக்கணக்கான இளைஞர்கள் சி, ஜாவா போன்ற கணினி மொழிகளில் நாள் முழுக்க இந்தக் குறியைத் தட்டுகிறார்கள். அங்கே ஒரு கட்டளையை முடித்துவைப்பது அதன் வேலை. ஆங்கில உரைநடையில் அடுத்ததோடு சேர்த்துவைப்பது அதன் வேலை. விசைப்பலகையில் அன்றாடம் புழங்கும் குறியை மின்னஞ்சலில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர்களில் பலர் தவிர்த்துவிடுவதற்கு, பள்ளியில் யாரும் அதைச் சொல்லித்தராததே காரணம்.

தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியாததல்ல

ஆங்கிலம் எழுதும்போது தடுமாறும் பிள்ளை, தமிழில் வாக்கியங்களை இணைப்பதில் கெட்டிக்காரப் பிள்ளைதான். 'காலையில எழுந்து, குளிச்சு, காப்பி குடிச்சுட்டு, பஸ்ஸைப் பிடிச்சு வேலைக்குப் போனான்' என்பதில் முற்றுவினை ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் வினையெச்சங்கள். ஐந்து செயல்களை ஓர் இணைப்புச் சொல்கூட இல்லாமல் தமிழ் ஒரே வாக்கியத்தில் கோத்துவிடுகிறது. இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் மாணவர் ஒவ்வொரு வினையையும் முற்றுவினையாக்கிக் காற்புள்ளியால் அடுக்குகிறார். அவர் காதில் ஒலிப்பது தமிழின் எச்சம். தாளில் விழுவது ஆங்கிலத்தின் பிழை.

உறவைக் காட்டுவதிலும் தமிழின் வழி தனி. 'மழை பெய்ததால் போகவில்லை' என்றால் காரணம். 'மழை பெய்தும் போனான்' என்றால் முரண். 'மழை பெய்தால் போகமாட்டான்' என்றால் நிபந்தனை. வினையின் வாலில் ஒட்டும் சிறு உருபு உறவு முழுவதையும் மாற்றிவிடுகிறது. ஆங்கிலமோ இதே வேலைக்குத் தனிச்சொல்லைக் கேட்கிறது; அதையும் வாக்கியப் பகுதியின் தலையில் வைக்கச் சொல்கிறது. வாலில் தேடிப் பழகிய பிள்ளை தலையில் தேட வேண்டியிருக்கிறது. இதை யாராவது ஒரு முறை கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பாதிச் சிக்கல் தீரும்.

'ஆல்தோ ஹி வாஸ் சிக், பட் ஹி கேம்' என்று இரண்டு இணைப்பையும் சேர்த்துப் போடும் வழக்கம் இந்தியா முழுவதும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்று போதும். ஆனால் இந்த இரட்டிப்பை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. எங்கே–அங்கே, எவ்வளவு–அவ்வளவு, எப்போது–அப்போது என்று இரண்டு முனையிலும் கொக்கி மாட்டுவது நம் மொழிகளின் இயல்பு. அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளைக்கு, ஆங்கிலத்தின் 'ஆல்தோ' தனியாக நிற்கும்போது வாக்கியம் இன்னும் முடியாததுபோல் தோன்றுவதில் வியப்பில்லை. காரணத்தைச் சொல்லித் திருத்தினால் பிழை திரும்ப வராது. மதிப்பெண்ணைக் குறைத்து மட்டும் திருத்தினால் அடுத்த தாளிலும் வரும்.

தமிழ் இலக்கண மரபு இந்தச் சிறு சொற்களை ஒருபோதும் அலட்சியம் செய்ததில்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இடையியல் என்று ஓர் இயலையே இவற்றுக்கு ஒதுக்கியிருக்கிறது. 'உம்' என்ற ஒரே இடைச்சொல்லுக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள்களை அது பிரித்துக் காட்டுகிறது. ஓலைச்சுவடியில் நிறுத்தக்குறிகள் புழக்கத்தில் இல்லை. வாக்கியத்தின் இறுதியில் வரும் முற்றுவினையே பெரும்பாலும் எல்லையைக் காட்டிவிடும். அச்சு வந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் போன்றோர் தமிழ் உரைநடையில் காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் பரவலாக்கினார்கள். இவ்வளவு நுட்பமான மரபைத் தாய்மொழியில் வைத்திருக்கும் பிள்ளையிடம், ஆங்கில வகுப்பில், இணைப்பு என்றால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நான்கு சொற்கள் என்று சொல்லிக்கொடுக்கிறோம்.

சட்டத்தில் ஒரு புள்ளியின் எடை

இதெல்லாம் பண்டிதர்களின் கவலை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு ஆவணங்களைக் காட்டலாம்.

முதலாவது, இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது கூறு. பேச்சுரிமை, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை என்று குடிமக்களின் உரிமைகள் அதன் முதல் பிரிவில் வரிசையாக வருகின்றன. ஆங்கில மூலத்தில் ஒவ்வோர் உரிமைக்கும் பின்னால் ஒரு செமிகோலன். கடைசி உரிமைக்கு முன்னால் 'அண்ட்'. தொடக்கத்தில் அந்த 'அண்ட்' சொத்துரிமையைச் சொல்லும் எஃப் உட்பிரிவின் முடிவில் இருந்தது. 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அங்கிருந்து நீக்கியது. நீக்கினால் 'அண்டும்' சேர்ந்து போய்விடும். அதனால் அந்தத் திருத்தச் சட்டம், முந்தைய உட்பிரிவான இ-யின் முடிவில் 'அண்ட்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுதியது. 1979 ஜூன் 20 முதல் அந்தச் சொல் அங்கே இருக்கிறது. இந்த உரிமைகள் அனைத்தும் சேர்ந்து குடிமகனுக்கு உரியவை என்பதில் ஐயம் வரக்கூடாது என்பதற்காக, நாட்டின் நாடாளுமன்றம் ஒரே ஓர் இணைப்புச் சொல்லுக்கு இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டது.

இரண்டாவது, நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தின் சாசனம். 1945 ஆகஸ்ட் 8 அன்று லண்டனில் கையெழுத்தான அந்தச் சாசனத்தின் ஆறாவது கூறு, மானுடத்துக்கு எதிரான குற்றங்களை வரையறுத்தது. கொலை, பேரழிப்பு, அடிமைப்படுத்துதல், நாடுகடத்தல் முதலியவை முதல் பாதி. அரசியல், இன, மத அடிப்படையிலான துன்புறுத்தல் இரண்டாம் பாதி. நீதிமன்றத்தின் வரம்புக்குட்பட்ட வேறொரு குற்றத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதன் பின்னால் வந்தது. ஆங்கிலப் படியிலும் பிரெஞ்சுப் படியிலும் இரண்டு பாதிகளுக்கும் நடுவே செமிகோலன். ரஷ்யப் படியில் காற்புள்ளி. செமிகோலன் என்றால் நிபந்தனை இரண்டாம் பாதியை மட்டும் கட்டும். காற்புள்ளி என்றால் இரண்டையும் கட்டும்.

சாசனத்தில் கையெழுத்திட்ட நான்கு வல்லரசுகளும் இதற்கென்றே மீண்டும் கூடி, 1945 அக்டோபர் 6 அன்று பெர்லினில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, செமிகோலனை எடுத்துவிட்டுக் காற்புள்ளியை வைத்தன. விளைவு சிறியதல்ல. போருக்கு முன் ஜெர்மனிக்குள்ளேயே யூதர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை நீதிமன்ற வரம்புக்குட்பட்ட வேறொரு குற்றத்தோடு முடிச்சுப் போட்டு நிரூபிக்க வேண்டியதாயிற்று. 1939-க்கு முந்தைய கொடுமைகள் மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் என்று பொதுவாக அறிவிக்க இயலாது என்று நீதிமன்றம் தன் தீர்ப்பில் கூறியது. லட்சக்கணக்கானவர்களின் துயரம் எந்தக் கணக்கில் வரும் என்பது ஒரு குறியின் மேல் நின்றது.

ஆங்கிலேயரே கைவிட்டால் நமக்கு எதற்கு?

நியாயமான கேள்விதான். 1490களில் வெனிஸ் நகர அச்சகர் ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகத்தில் பிறந்த செமிகோலனுக்கு இது நல்ல காலமல்ல. மொழி கற்பிக்கும் பேபெல் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிரிட்டிஷ் ஆங்கில எழுத்தில் 2000-ஆம் ஆண்டில் 205 சொற்களுக்கு ஒரு செமிகோலன் இருந்தது; இப்போது 390 சொற்களுக்கு ஒன்றுதான். அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் அதைத் தொடவே வேண்டாம் என்றவர். ஜார்ஜ் ஆர்வெல் 1939-இல் வந்த தன் நாவல் ஒன்றை அது இல்லாமலேயே எழுதினார்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தில் முந்நூறு சொற்களை ஒட்டிய ஒரே வாக்கியம் இருக்கிறது. 'பொறுத்திருங்கள்' என்று அறிவுரை சொன்ன மதகுருமார்களுக்கு அவர் தரும் பதில் அது. கறுப்பின மக்கள் அன்றாடம் படும் அவமானங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் செமிகோலன் வைத்துக்கொண்டே போகிறார். முற்றுப்புள்ளி வருமா வருமா என்று வாசகரும் காத்திருக்க நேர்கிறது. பொறுமை என்றால் என்ன என்பதை அந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் அவர் அனுபவித்துவிடுகிறார். முற்றுப்புள்ளிகளால் உடைத்திருந்தால் அந்த வலிமை வந்திருக்காது.

ஆனாலும் செமிகோலனை யாரும் கட்டாயமாக்க வேண்டியதில்லை. 1930-இல் பெங்களூரில் தன் முதல் நாவலைத் தொடங்கிய ஆர்.கே.நாராயண், எளிய வாக்கியங்களாலேயே உலக வாசகர்களைச் சென்றடைந்தார். குட்டை வாக்கியம் குறையல்ல. அடுத்தடுத்த வாக்கியங்களுக்கு இடையே உறவு புரிந்தால் போதும். மொழியியலாளர்கள் ஹாலிடேயும் ருகையா ஹசனும் 1976-இல் எழுதிய 'கொஹீஷன் இன் இங்லிஷ்' நூல், ஆங்கிலத்தில் வாக்கியங்கள் ஐந்து வழிகளில் பிணைக்கப்படுவதாகக் காட்டியது. இணைப்புச் சொல் அவற்றுள் ஒன்றுதான். முன்னால் வந்ததைச் சுட்டுவது, அதற்கு மாற்றுச் சொல் வைப்பது, சொல்லாமல் விடுவது, தொடர்புடைய சொற்களை மீண்டும் எடுத்தாள்வது ஆகியவை மற்ற நான்கு.

இணைப்புச் சொல்லை அளவுக்கு மீறித் தெளிப்பது இன்னொரு ஆபத்து. வெளிநாட்டுப் படிப்புக்கும் செவிலியர் வேலைக்கும் போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் எழுத்துப் பகுதியில், சமமான எடையுள்ள நான்கு அளவுகோல்களில் ஒன்று கோவையும் பிணைப்பும். இணைப்புச் சொற்களை இயந்திரத்தனமாகப் போடுவது அங்கே நடுத்தர மதிப்பெண்ணின் அடையாளம். மேல்மட்ட மதிப்பெண் வேண்டுமென்றால் பிணைப்பு கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு பத்தியையும் 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்', 'ஹென்ஸ்' என்று தொடங்கும்படி மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஏஐ செயலிகள் இந்தச் சொற்களைக் கேட்ட மாத்திரத்தில் அள்ளித் தருகின்றன. 'தேர்ஃபோர்' போட்ட இடத்தில் உண்மையிலேயே காரணம் இருக்கிறதா என்று பார்க்க, படிப்பவருக்குத்தான் பயிற்சி வேண்டும்.

என்ன செய்யலாம்?

வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வியை மாற்றினால் போதும். சொற்களை அடைப்புக்குறிக்குள் தராமல், இரண்டு வாக்கியங்களை மட்டும் தர வேண்டும். அவற்றை இரண்டு விதமாக இணைக்கச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் பொருளில் என்ன வேறுபாடு என்று ஒரே வரியில் விளக்கச் சொல்ல வேண்டும். விளக்கத்தைக் கன்னடத்திலோ தமிழிலோ எழுதவும் அனுமதிக்கலாம். சோதிக்கப்படுவது மாணவரின் சிந்தனைதானே! இந்தக் கேள்விக்கு மிச்சச் சொல்லைப் போட்டுத் தப்பிக்க முடியாது.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்ற தடை உண்மையானது. ஒரு வரி விளக்கத்தைத் திருத்த அதிக நேரம் பிடிக்காது. ஆனால் பல விடைகளைச் சரியென்று ஏற்கும் மதிப்பெண் குறிப்பு அவர்களுக்குத் தேவை. அதைத் தயாரிக்கும் வேலை வாரியத்துடையது. 1963 முதல் தென்மாநில ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவரும், பெங்களூரு ஞானபாரதியில் உள்ள வட்டார ஆங்கில நிறுவனத்தின் துணையையும் இதற்குக் கேட்கலாம்.

வகுப்பறையில் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நாளிதழின் ஒரு தலையங்கத்தை எடுத்து, இணைப்புச் சொற்களை எல்லாம் மறைத்துவிட்டு, என்ன உறவு என்று பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லலாம். தமிழ்த் தலையங்கம் ஒன்றை முதல் நாள், ஆங்கிலத் தலையங்கம் ஒன்றை மறுநாள் எடுத்தால், எச்சமும் உருபும் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் எந்தச் சொல் செய்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். கட்டுரை நோட்டில் காமா ஸ்ப்ளைஸைச் சுழிப்பதோடு நிற்காமல், 'இந்த இரண்டுக்கும் என்ன உறவு?' என்று ஓரத்தில் எழுதலாம்.

மல்லேஸ்வரத்தில் இருக்கும் கர்நாடக வாரியமும், சென்னையில் இருக்கும் தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககமும், அடுத்த முறை ஆங்கிலத் தாளின் வடிவத்தைப் பரிசீலிக்கும்போது இந்த ஒரு கேள்வியையாவது மாற்ற முன்வர வேண்டும். முதலில் மாதிரி வினாத்தாளில் போட்டுப் பார்க்கட்டும். பிள்ளைகள் எழுதும் விடைகளைப் பார்த்துப் பொதுத்தேர்வுக்குக் கொண்டுவரட்டும். அதுவரை ஆங்கில ஆசிரியர்களும் பெற்றோரும், 'தேர்ஃபோர்' என்று பிள்ளை எழுதிய இடத்தில் விரல் வைத்து, 'ஏன்?' என்று ஒரு முறை கேட்க வேண்டும்.